டிராஃப்டரை வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்!
(ஓவியக் கல்லூரி சேர்க்கைக்குப் படைப்புத் தொகுப்பு தயாரிப்பது எப்படி?)



ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை, கொஞ்சம் துணுக்கு, "இன்டர்வியூவில் வெற்றி பெறுவது எப்படி" என்று ஒரு கட்டுரை, இவை கட்டாயம் இருக்கும். நான் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் வேறு. நம்மில் சிலர் ரெக்கார்டு நோட்டைப் பின்பக்கத்திலிருந்துதான் நிரப்புகிறோம். லேப் முடிவதற்குள் அங்கே ஒரு மாடு, ஒரு முகம், பக்கத்து பெஞ்சுக்காரனின் தூக்கம் எல்லாம் படமாகியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எனக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. நம்ம பக்கத்தில் டிப்ளமோ முடித்தவனுக்கு வழி ஏற்கனவே போட்டு வைத்தாயிற்று. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கம்பெனிகள் வரிசையாக வந்துவிட்டன. கேம்பஸ், டிரெய்னி, கம்பெனி பஸ், ஷிஃப்ட். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் அந்தச் சம்பளத்தில்தான். ஆனாலும் இந்த ஆண்டு நான் பி.எஃப்.ஏ. என்னும் நான்காண்டு கவின்கலைப் படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறேன். அம்மா கேட்டார்கள்: "ஏம்பா, மூணு வருஷம் மெஷின் படிச்சிட்டு, இன்னும் நாலு வருஷம் படம் வரையப் போறியா?"

நியாயமான கேள்வி. படம் ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் கதையைக் கேட்டால் அந்த நினைப்பு மாறும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதைத் தனியார் பள்ளியாகத் தொடங்கினார். 1852-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அப்போது அது தொழிற்கலைப் பள்ளி! மண்பாண்டம், ஓடு, மரவேலை, உலோகவேலை எல்லாம் அங்கே நடந்தன. 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையை நடத்திய இடமும் அந்தப் பள்ளிதான். ஆக, பட்டறையில் கை கறுத்தவன் அந்த வாசலுக்கு அந்நியன் அல்ல.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அந்தப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரானார். மெரினாவில் 1959-இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்களே, அவர்களின் முதுகையும் காலையும் ஒரு தடவை நின்று பாருங்கள். பாரம் உடம்பில் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கண்ணால் கணக்குப் போட்டவர் செய்த சிலை அது. நாம் ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படிப்பதை அவர் மனித உடம்பில் படித்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

படைப்புத் தொகுப்பு என்றால் என்ன?

போர்ட்ஃபோலியோ என்று சொல்வது நாம் வரைந்தவற்றில் பொறுக்கி எடுத்த 15, 20 தாள்கள். சில கல்லூரிகள் தொகுப்பைக் கேட்கும். சில கல்லூரிகள் நேரில் உட்காரவைத்து வரையச் சொல்லும். இரண்டையும் கேட்பவையும் உண்டு. எதுவாக இருந்தாலும் அவர்கள் தேடுவது ஒன்றே. உங்கள் கை எவ்வளவு அழகாகக் காப்பி அடிக்கிறது என்பது அவர்களுக்கு வேண்டியதில்லை. உங்கள் கண் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் வேண்டும்.

நம்ம பசங்க பெரும்பாலும் செய்வது என்ன? நடிகர் போட்டோவில் கட்டம் போட்டு, அப்படியே பெரிதாக்கி, மினுமினுவென்று ஷேடிங் கொடுப்பது. வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தில் எதை விடுவது, எதை வைப்பது, வெளிச்சம் எங்கிருந்து வரணும் என்ற முடிவையெல்லாம் எடுத்தவர் போட்டோகிராபர். நீங்கள் எடுத்த முடிவு ஒன்றுகூட அதில் இல்லை. இப்போது போனில் ஒரு வரி தட்டினாலே படம் வந்து விழுகிறது. அதனால்தான் பழகிய படத்தைவிட, பார்த்து வரைந்த படத்துக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. நேரில் வரையச் சொல்லும்போது குட்டு உடைந்துவிடும்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்றொரு புகழ்பெற்ற கல்லூரி. அங்கே பல ஆண்டுகள் விண்ணப்பத்தோடு ஒரு சைக்கிள் படம் வரைந்து அனுப்பச் சொன்னார்கள். சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள். பார்க்காமல் வரைந்து பாருங்கள். செயின் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டாண்டில் நிற்கும் ஒரு சைக்கிள் போதும், உங்கள் கண்ணை எடை போட!

நமக்கு இருக்கும் பலம்

டிப்ளமோக்காரனிடம் மூன்று விஷயம் ஏற்கனவே இருக்கிறது. முதலாவது, அளவு. கையை நீட்டி, பென்சிலை நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, "தலை ஒரு பங்கு என்றால் உடம்பு எத்தனை பங்கு?" என்று பார்ப்பதுதான் ஓவியனின் ஸ்கேல். இரண்டாவது, செக்‌ஷன். ஒரு கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டி வரையுங்கள். உள்ளே இருப்பது தெரிந்த பிறகு வெளிக்கோடு தானாகத் திருந்தும். மூன்றாவது, பொறுமை. ஒரு ஏ2 தாளை மூன்று மணி நேரம் கசங்காமல் முடித்த கை நம்முடையது.

மறக்க வேண்டியவை

ஐசோமெட்ரிக்கில் இணைகோடுகள் கடைசி வரை இணையாகவே ஓடும். கண்ணுக்கு அப்படித் தெரியாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை ஓரமாக நின்று பாருங்கள். சாலையின் இரண்டு விளிம்பும் தூரத்தில் போய்ச் சேர்கின்றன. அதை ஸ்கேல் இல்லாமல் வரைந்து பழகுங்கள். அடுத்தது, மறைவுக் கோடு. வொர்க்‌ஷாப் டிராயிங்கில் தெரியாததையும் புள்ளிக்கோட்டில் காட்டுகிறோம். இங்கே தெரிவதை மட்டும்தான் வரைய வேண்டும். மூன்றாவது, ஒரே தடிமனில் போடும் கோடு. பாரம் இருக்கும் இடத்தில் அழுத்தி, வெளிச்சம் படும் இடத்தில் விட்டுப் போடுங்கள்.

என்னென்ன வைக்கலாம்?

1. பொருள்கள்: செம்பு, வெங்காயம், கசங்கிய லுங்கி, வைஸ், கழற்றிய கியர். ஒரு பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை குறைந்தது ஐந்து படி நிழல் வருகிற மாதிரி நாலைந்து தாள்.

2. மனிதர்கள்: விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைவிட நல்ல மாடல் கிடைக்காது. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம், அவ்வளவுதான். மூக்கு, முழி வேண்டாம். எந்தக் காலில் பாரம், தோள் எந்தப் பக்கம் சாய்வு என்பது போதும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவர் நிற்பதற்கும், பகல் ஷிஃப்டுக்குப் போகிறவர் நிற்பதற்கும் வித்தியாசம் கோட்டிலேயே தெரியும்.

3. இடங்கள்: ஏரி, அதற்குப் பின்னால் காம்பவுண்ட் சுவர், நடுவில் மேயும் எருமை. இது நம்ம ஊருக்கே உரிய காட்சி. காலண்டரில் இருக்கும் பனிமலையை நாம் எதற்கு வரைய வேண்டும்?

4. வண்ணம்: வாட்டர் கலர் அல்லது போஸ்டர் கலரில் மூன்று, நான்கு. ஒரே இடத்தைக் காலை, மாலை இரண்டு வேளையும் வரைந்தால் உங்கள் கண் நிறம் பார்க்கிறது என்பது புரியும்.

5. முப்பரிமாணம்: களிமண், தகரம், வெல்டிங் செய்த ஸ்கிராப், எதுவும் சரி. இரண்டு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள்.

6. ஒரு வரிசை: ஒரே பொருளைத் தொடர்ந்து பார்த்து வரைந்த ஐந்தாறு தாள். சென்னைக் கல்லூரியில் படித்த ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தியையே பொருளாக எடுத்துக்கொண்டு கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். நான் எங்கள் தெரு டீக்கடை பாய்லரை எடுத்திருக்கிறேன்.

7. ஸ்கெட்ச் நோட்டு: அழித்தது, திருத்தியது எல்லாம் அப்படியே இருக்கட்டும். நல்ல தாள்களைவிட இதைத்தான் ஆர்வமாகப் புரட்டுவார்கள்.

செலவும் ஒழுங்கும்

கார்ட்ரிட்ஜ் தாள், 2பி, 4பி, 6பி பென்சில், கொஞ்சம் சார்கோல், இது போதும் தொடங்க. தாள்களுக்கு நடுவில் பட்டர் பேப்பர் வைத்தால் கரி ஒட்டாது. போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம்; பகல் நிழலில், தாளுக்கு நேர் எதிராகப் போனைப் பிடியுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன ஊடகம், என்ன அளவு, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். நல்லதை முதலில் வையுங்கள், இன்னொரு நல்லதைக் கடைசியில் வையுங்கள். சந்தேகமாக இருக்கும் தாளை எடுத்துவிடுங்கள். பலவீனமான ஐந்து தாள், பலமான பத்தையும் கீழே இழுத்துவிடும்.

எங்கே படிக்கலாம்?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் வண்ணக்கலை, சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, சுடுமண், துகிலியல் என்று பல பிரிவுகள். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி நமக்குப் பக்கம். வெளி மாநிலம் என்றால் 1919-இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலா பவனம், 1950-இல் தொடங்கிய பரோடா நுண்கலைப் புலம். ஒரு முக்கியமான விஷயம்: நம்மில் பலர் பத்தாவது முடித்து நேராகப் பாலிடெக்னிக் வந்தவர்கள். விண்ணப்பம் வாங்கியவுடன் கல்வித் தகுதி, வயது இரண்டு வரியையும் முதலில் படியுங்கள். டிப்ளமோவைப் பிளஸ் டூவுக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா என்று அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அம்மாவிடம் நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "இடம் கிடைச்சா நாலு வருஷம். கிடைக்கலைன்னா டிப்ளமோ கையில இருக்கு, கம்பெனி எங்கேயும் ஓடிப் போகாது." படம் வரைபவனுக்கு மாதச் சம்பளம் உறுதி என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் இங்கே ஓடும் காரெல்லாம் முதலில் யாரோ ஒருவர் பேப்பரில் போட்ட கோடு, களிமண்ணில் பிடித்த உருவம். அந்தக் கோட்டைப் போடுகிற இடத்துக்கு நம்ம ஊர்ப் பையனும் பெண்ணும் ஏன் போகக் கூடாது?

தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். நூறு தாள் வரைந்தால் இருபது தேறும். சனிக்கிழமை மதியம் வொர்க்‌ஷாப் பின்னால் வேப்பமரத்தடியில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து வரைகிறோம். எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரப்பர் நாங்கள் தருகிறோம்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை