கொண்டோ வளாகத்தில் கராஜ் கட்டுதல்: பெறவேண்டிய இரு ஒப்புதல்கள்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் கொண்டோ வளாகங்களில் வசிப்போரிடையே, திறந்தவெளித் தரிப்பிடங்களுக்குப் பதிலாக கராஜ்கள் கட்டப்பட வேண்டும் என்ற விருப்பம் பனிக்காலந்தோறும் எழுகின்றது. விருப்பம் நியாயமானதே. ஆயினும், தனி வீட்டின் உரிமையாளர் தமது காணியில் கராஜ் கட்டுவதற்கும், கொண்டோ வளாகமொன்றில் அதைக் கட்டுவதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. முன்னவருக்கு நகரசபையின் அனுமதி போதும். பின்னவருக்கு இணை உரிமையாளர்களின் பொதுக்கூட்டம் வழங்கும் ஒப்புதலும் நகரசபையின் அனுமதியும் ஆகிய இரண்டும் வேண்டும். இவற்றுள் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. கட்டட அனுமதி கிடைத்ததனால் அயலவரின் உரிமை இல்லாமற் போவதில்லை. அயலவர் அனைவரும் இணங்கியதனால் துணைவிதி தளர்வதும் இல்லை.

நிலம் எவருக்குரியது?

கியூபெக்கில் கொண்டோ உரிமையை ஒழுங்குபடுத்துவது 1994 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள குடியியல் சட்டக்கோவை ஆகும். அதன் 1044ஆம் உறுப்புரையின்படி, நிலம், முற்றம், போக்குவரத்துப் பாதை, தரிப்பிடம் என்பன, மாறாக நிறுவப்படாத வரை, பொதுப் பகுதிகள் என்றே கொள்ளப்படும். ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளாக ஒரே இடத்தில் வாகனத்தை நிறுத்தி வந்தாலும், அந்த இடம் அக்குடும்பத்தின் தனி உடைமையாகிவிடாது. பெரும்பாலும் அது "வரையறுத்த பாவனைக்குரிய பொதுப் பகுதி"யாகவே இருக்கும். அதாவது, பயன்படுத்தும் உரிமை ஒருவருக்கும், உடைமை எல்லோருக்கும் உரியது.

இதனை அறிவதற்குரிய ஆவணம் கூட்டுரிமைப் பிரகடனமாகும். அது நிறுவும் பத்திரம், கட்டடத்தின் ஒழுங்குவிதிகள், பகுதிகளின் விபரணம் என மூன்று பிரிவுகளைக் கொண்டது. எந்தத் திட்டமும் இந்த ஆவணத்தை வாசிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கட்டுமான ஒப்பந்தகாரரிடம் விலைமதிப்புப் பெறுவது அதற்குப் பின்னரே வரும்.

பொதுக்கூட்டத்தில் நடப்பது

பொதுப் பகுதியை மாற்றுதல், விரிவாக்குதல், மேம்படுத்துதல் ஆகியவற்றுக்கும், அவற்றின் செலவைப் பங்கிடுவதற்கும், கூட்டத்துக்கு நேரில் வந்தவர்களதும் பதிலாள் மூலம் பங்குபற்றுவோரதும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு தேவை (உறுப்புரை 1097). புதிய தனி உடைமைப் பகுதிகளை உருவாக்கும் கட்டடங்களுக்கும், நிறுவும் பத்திரத்தின் திருத்தத்துக்கும் இதே அளவே விதிக்கப்பட்டுள்ளது. வளாகத்தின் நோக்கத்திற்கு இன்றியமையாத பொது நிலத்தைப் பராதீனப்படுத்துவதாயின் நிபந்தனை மிகக் கடுமையானது: அனைத்து வாக்குகளிலும் 90 வீதத்தைக் கொண்டிருக்கும், இணை உரிமையாளர் தொகையில் நான்கில் மூன்று பங்கினர் இணங்க வேண்டும்.

கூட்டத்துக்கு வராதவர்களின் வாக்கு கணக்கில் சேராது என்பது கவனத்திற்குரியது. எடுத்துக்காட்டாக, மொத்தம் 1,000 வாக்குகள் உள்ள ஒரு வளாகத்தில் 600 வாக்குகளுக்குரியோர் கூடினால், கூட்ட நடப்பெண் நிறைவுபெறும். அங்கே 450 வாக்குகள் ஆதரவாக விழுந்தால் தீர்மானம் நிறைவேறும். மொத்த வாக்குகளில் பாதிக்கும் குறைவான தொகை, வளாகத்திலுள்ள அனைவரையும் கட்டுப்படுத்தும்.

ஆகவே கூட்ட அறிவித்தலைப் பிரித்துப் பார்க்காது ஒதுக்கி வைப்பது பாதகமானது. அந்த அறிவித்தல் கூட்டத்துக்கு 10 நாட்களுக்குக் குறையாமலும் 45 நாட்களுக்கு மேற்படாமலும் முன்னதாக வர வேண்டும். அது கிடைத்து ஐந்து நாட்களுக்குள், எந்த இணை உரிமையாளரும் நிகழ்ச்சிநிரலில் ஒரு விடயத்தைச் சேர்க்கும்படி கோரலாம். பொதுச் செலவுக்கான கட்டணத்தை மூன்று மாதங்களுக்கு மேல் செலுத்தாதவர் வாக்குரிமையை இழப்பார். பதிலாள் பத்திரத்தில் கையொப்பமிடுபவர், தமது வாக்கு எந்தத் தீர்மானத்துக்கு எவ்வாறு அளிக்கப்படும் என்பதை அறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். அப்பத்திரம் விளங்காத மொழியில் இருப்பின், நம்பகமான ஒருவரைக் கொண்டு வாசித்து விளக்கம் பெறுதல் நன்று.

கூட்டறிக்கை 30 நாட்களுக்குள் அனைவருக்கும் அனுப்பப்பட வேண்டும். தீர்மானம் பக்கச்சார்பானது என்றோ, தமது உரிமையைப் புறக்கணித்தது என்றோ கருதும் இணை உரிமையாளர், கூட்டம் நடந்து 90 நாட்களுக்குள் அதை இரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தை நாடலாம். மேலும், பிரகடனத்துக்கு முரணாக ஒருவருடைய பங்கின் சார்பு மதிப்பையோ, தனி உடைமைப் பகுதியின் பயன்பாட்டையோ மாற்றும் தீர்மானம் செல்லுபடியாகாது (உறுப்புரை 1102).

செலவை யார் ஏற்பது?

24 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தில் 14 வீடுகளுக்கு மட்டுமே கராஜ் கட்ட இடமுண்டு எனக் கொள்வோம். எஞ்சிய பத்து வீட்டாரும் பணம் செலுத்த வேண்டுமா? வளாகங்களில் நீண்டகால மனக்கசப்புக்கு வித்திடுவது இக்கேள்வியே. எனவே கட்டுமானச் செலவின் பங்கீடு, அதே கூட்டத்தில், எழுத்தில் தெளிவாகத் தீர்மானிக்கப்பட வேண்டும்.

இருப்பு நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாமா என்று கேட்கப்படுவதுண்டு. இயலாது. பொதுப் பகுதிகளின் பாரிய திருத்த வேலைகளுக்கும் மாற்றீட்டுக்கும் மட்டுமே அந்நிதி உரியது. புதிதாகக் கட்டுவது அவற்றுள் அடங்காது. விசேட பங்களிப்பு அறவிடப்படுமாயின், நிர்வாகசபை முன்கூட்டியே பொதுக்கூட்டத்தின் கருத்தை அறிய வேண்டும்.

கட்டிமுடித்த பின்னரும் செலவு தொடரும். கராஜ்கள் வரையறுத்த பாவனைக்குரியவையாக இருப்பின், அன்றாடப் பராமரிப்பையும் வழமையான திருத்தங்களையும் அவற்றைப் பயன்படுத்துவோரே ஏற்க வேண்டும். கூரையை முழுதாக மாற்றுவது போன்ற பெரும் வேலைகளுக்கு வேறு விதமான பங்கீட்டைப் பிரகடனம் விதிக்கலாம். பராமரிப்புப் பதிவேட்டிலும் இருப்பு நிதி ஆய்விலும் புதிய கட்டடங்கள் சேர்க்கப்பட வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். நிறுவும் பத்திரம் திருத்தப்படுமாயின், அத்திருத்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டு, காணிப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும்.

நகரசபையின் அனுமதி

பொதுக்கூட்டத்தின் தீர்மானம் கையில் கிடைத்த பின், இணை உரிமையாளர் சங்கத்தின் பெயரில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும், தீர்மானத்துக்கு முன்னரே நகர மண்டபத்தில், அதாவது 12001 டி சலாபெரி வீதியில், நகரத் திட்டமிடல் பிரிவுடன் கலந்துரையாடுவது வீண் செலவைத் தவிர்க்கும். கட்டமுடியாத ஒன்றை வாக்கெடுப்புக்கு விடுவதால் எவருக்கும் பயனில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ இருமொழித் தகுதி பெற்ற நகரமாகையால், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சேவை பெறலாம்.

வலயத் துணைவிதியில் முதலில் கேட்டறிய வேண்டியவை: காணி எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, கட்டடத்தின் உயரம், காணியில் கட்டக்கூடிய பரப்பு, குறைந்தபட்சத் தரிப்பிடங்களின் எண்ணிக்கை, வெளிச்சுவரின் பொருள். இவை வலயத்துக்கு வலயம் வேறுபடும். கட்டடத்தின் தோற்றம் சுற்றுப்புறத்தோடு இசைய வேண்டும் என்ற விதிக்கு உட்பட்ட திட்டங்களை, திட்டமிடல் ஆலோசனைக் குழு பரிசீலித்துப் பரிந்துரை வழங்கும், முடிவு நகரசபையினுடையது.

துணைவிதியின் ஓர் அளவு சிறிதளவே தடையாக இருப்பின், சிறு விலக்குக் கோரலாம். ஆனால் துணைவிதி விண்ணப்பதாரருக்குக் கடுமையான பாதிப்பை ஏற்படுத்த வேண்டும். விலக்கினால் அயலவரின் காணி அனுபவிப்புக்குக் குந்தகம் நேரக்கூடாது. பாவனையிலும் குடியிருப்பு அடர்த்தியிலும் விலக்கு வழங்கப்படாது. சபை அமர்வுக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் பகிரங்க அறிவித்தல் வெளியாகும். அக்கறையுள்ள எவரும் அமர்வில் தமது கருத்தைக் கூறலாம்.

நீர், பனி, கொன்கிரீட்

புல்வெளி கராஜாக மாறும்போது, நிலத்தில் இறங்கிய மழைநீர் வேறு வழி தேடும். 2024 ஓகஸ்ட் 9 அன்று டெபி புயலின் எச்சம் மொன்றியலில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழையைப் பெய்வித்தபோது, தாழ்வான இடங்கள் எவ்வாறு நிரம்பின என்பதைப் பலர் நேரிற் கண்டனர். வீதி மட்டத்துக்குக் கீழே சரிந்து செல்லும் கராஜ் வாயில் இத்தகைய நாளில் நீரைத் தானே வரவேற்கும். வடிகால் திட்டம் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். வழித்த பனியைக் குவிக்கும் இடமும், மொன்றியல் தீயணைப்புச் சேவையின் வாகனங்கள் செல்லும் வழியும் கராஜினால் அடைபடக் கூடாது.

வீட்டோடு இணைந்த கராஜாயின், காபன் மொனொக்சைட்டு வீட்டினுள் புகாதவாறு சுவர் காற்றடைப்பாக இருக்க வேண்டும். இடையிலுள்ள கதவு தானே மூடிக்கொள்வதாகவும், படுக்கை அறைக்குள் திறக்காததாகவும் இருத்தல் வேண்டும்.

நிலத்தடி அல்லது அடுக்குத் தரிப்பிடமாயின் கடமை இன்னும் கூடும். 2008 நவம்பரில், செயின்ட் லோரனில் உள்ள குடியிருப்புக் கட்டடமொன்றின் நிலத்தடித் தரிப்பிடத்தில் கொன்கிரீட் தளம் இடிந்து ஒருவர் உயிரிழந்தார். பின்னர் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இத்தகைய தரிப்பிடத்தை உரிமையாளர் ஆண்டுதோறும் பார்வையிட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியியலாளர் ஆழமாகப் பரிசோதிக்க வேண்டும். உருகும் பனியோடு வாகனங்கள் கொண்டுவரும் உப்பு, கொன்கிரீட்டினுள் ஊறி இரும்புக் கம்பிகளை அரிக்கின்றது. வெளியே வெடிப்பாகத் தெரியும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கலாம்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்

ஒப்பந்தகாரர் கியூபெக் கட்டடச் சபையின் செல்லுபடியான உரிமம் உடையவரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தோண்டுவதற்கு முன், நிலத்தடி எரிவாயு, மின் இணைப்புகளை அறிய இன்போ-எக்ஸ்கவேஷன் என்ற இலவசச் சேவையை அழைக்க வேண்டும். உபஒப்பந்தகாரர்களுக்குப் பணம் கிடைக்காவிடில், அவர்கள் காணியின்மீது சட்டமுறை ஈட்டைப் பதிவு செய்யக்கூடும். ஆதலால் அவர்களின் கோரிக்கைகள் தீரும்வரை ஒரு தொகையைப் பிடித்துவைக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும். வடிவமைப்பு, கட்டுமானம், நிலம் ஆகியவற்றின் குறையால் வேலை முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டடம் அழிவுற்றால், ஒப்பந்தகாரரும் கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் பொறுப்பாளிகளாவர் (உறுப்புரை 2118). எனவே வரைபடங்களும் பற்றுச்சீட்டுகளும் சங்கத்தின் பதிவேட்டில் பேணப்பட வேண்டும்.

சுருங்கக் கூறின், பிரகடனத்தை வாசித்தல், நகரத் திட்டமிடல் பிரிவிடம் விசாரித்தல், செலவுப் பங்கீட்டோடு பொதுக்கூட்டத் தீர்மானம் பெறுதல், கட்டட அனுமதி பெறுதல், ஒப்பந்தத்தில் கையொப்பமிடுதல் என்பதே உரிய ஒழுங்கு. முற்பணம் செலுத்திய பின் இவற்றைப் பின்னோக்கித் தேடுபவர், தமது பணத்தையும் அயலவரின் நல்லெண்ணத்தையும் ஒருங்கே இழக்க நேரிடலாம்.