நவாபுக்கே கடன் கொடுத்த ‘நேபாப்’!

திடீர்ப் பணக்காரன் தெருவில் மிடுக்காக நடந்தால், "பெரிய நவாப்னு நினைப்பு!" என்பது நம்மூர்ப் பேச்சு. வெள்ளைக்காரனும் அதே சொல்லைத்தான் எடுத்தான். அவன் வாயில் அது ‘நேபாப்’ ஆகிவிட்டது.

18-ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கப்பலேறி, பெரும் பணத்தோடு ஊர் திரும்பியவர்களுக்கு லண்டனில் வைத்த பட்டப்பெயர் இது. புகழ்ச்சி அல்ல, சரியான நக்கல்! 1772-ல் சாமுவேல் ஃபூட் என்பவர் ‘தி நேபாப்’ என்று நாடகமே போட்டு இவர்களைக் கிழித்தார். பெரும் பணக்காரர், பெரிய புள்ளி என்ற பொருளில் அகராதியில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது.

சம்பளம் 5 பவுண்டு

கம்பெனியின் புதுக் குமாஸ்தாவுக்கு வருஷச் சம்பளம் 5 பவுண்டு. ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னைக்கு வந்தது இந்த வேலைக்குத்தான். பிறகு சொத்து எப்படி வந்தது? சொந்த வியாபாரம், ‘அன்பளிப்பு’, வட்டி!

வட்டியில் கில்லாடி பால் பென்பீல்டு. சென்னையில் கம்பெனி உத்தியோகம். பக்கத் தொழில் லேவாதேவி. கடன் வாங்கியவர் யார் தெரியுமா? ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா! (நம்ம வாலாஜா சாலைக்குப் பெயர் கொடுத்தவர்தான்.) ஆக, கடன்பட்டவர் நவாப், கொடுத்தவர் நேபாப்.

தஞ்சை நெல் ஈடு

1773-ல் கம்பெனிப் படை உதவியோடு தஞ்சாவூரை நவாப் பிடித்தார். அங்கே விளைந்த நெல் கடனுக்கு ஈடாயிற்று. உழுதவன் ஒருவன், விளைச்சல் மேல் உரிமை கொண்டாடியவன் இன்னொருவன்.

1776-ல் கம்பெனி உத்தரவுப்படி தஞ்சையை அதன் மன்னரிடமே திருப்பிக் கொடுத்தார் கவர்னர் பிகட். உடனே பென்பீல்டு கணக்கை நீட்டினார். தஞ்சையிலிருந்து தனக்கு வரவேண்டிய பாக்கி 2 லட்சத்து 34 ஆயிரம் பவுண்டாம்! அடேயப்பா, 5 பவுண்டு குமாஸ்தாவுக்கு அது 46,800 வருஷச் சம்பளம்.

பிகட் மசியவில்லை. அந்த ஆகஸ்டு மாதமே கவுன்சிலில் இருந்த எதிர்கோஷ்டி கவர்னரையே கைது செய்தது. 1777 மே மாதம் காவலில் இருந்தபடியே அவர் செத்துப்போனார்.

பென்பீல்டோ 1780-ல் இங்கிலாந்து பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 1785-ல் எட்மண்ட் பர்க் அதே பார்லிமெண்டில் ஆற்காடு கடன் விவகாரத்தை வெளுத்து வாங்கினார். பலனில்லை. கணக்கைத் தோண்டாமலே கடனை அடைக்கச் சொல்லிவிட்டது அரசாங்கம்.

1801-ல் நவாபின் சீமை கம்பெனி கைக்குப் போனது. பென்பீல்டின் பணமும் தங்கவில்லை. 1810-ல் பாரிஸ் நகரில் நொடித்துப்போன நிலையில் அவர் கதை முடிந்தது.