படக்கருவி காணாத உழவன்

வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். இவ்வாறு அங்கதத்தை இருவகையாக வகுத்தார் தொல்காப்பியர். 1976இல் சிட்னி லூமெட் இயக்கிய ‘நெட்வொர்க்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் முதல்வகையைச் சார்ந்தது. செய்தி வாசிப்பவர் ஒருவரின் சித்தக் கலக்கத்தையும் இலாபத்துக்கு விற்கும் தொலைக்காட்சி நிறுவனத்தை அது நேர்நின்று சாடுகிறது. 2010இல் அனுஷா ரிஸ்வி இயக்கிய ‘பீப்லி லைவ்’ என்னும் இந்திப் படமோ இரண்டாம் வகை.

கடனால் நிலத்தை இழக்கவிருக்கும் உழவன் நத்தா. தான் உயிரை மாய்த்துக்கொண்டால் குடும்பத்துக்கு அரசின் இலட்சம் ரூபா கிடைக்கும் என்று கேள்வியுற்று, அதற்கும் துணிகிறான். உடனே தொலைக்காட்சியினர் அவன் வாயிலில் குவிகின்றனர். அவன் காலைக்கடன் கழிக்கச் செல்வதும் செய்தியாகிறது, காண்போர் நகைக்கின்றனர். அதே ஊரில், மண் தோண்டி விற்றுப் பிழைக்கும் ஹோரி மகதோ என்னும் ஏழை, தான் தோண்டிய குழியிலேயே மாண்டு கிடக்கிறான். உள்ளூர்ச் செய்தியாளன் எடுத்துரைத்தும் அச்சாவு செய்தியாகவில்லை. சாகப்போவதாகச் சொன்னவனுக்கு விலையுண்டு. சொல்லாமற் செத்தவனுக்கு இல்லை. படத்தின் பழிகரப்பு இதுவே.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கண்ட பாசிக்குடாவில் இது அயலூர்க் கதையன்று. அலை அடித்த நாள் செய்தியாகும்; அதன்பின் வலையைச் சீர்செய்து கடலுக்கு மீண்ட நாட்கள் செய்தியாவதில்லை. நகைத்து முடித்தபின் ஹோரியை நினைப்பவரே இப்படத்தை உண்மையிற் சுவைத்தவராவர்.