வைகை மணலில் ரோமச் செம்பு

வாசுதேவநல்லூரில் பஸ் ஏறி ராஜபாளையம் வழியாக மதுரைக்குப் போகிறவர்கள் வைகைப் பாலத்தைப் பலமுறை கடந்திருப்பார்கள். அந்த ஆற்றுப்படுகையில் சுமார் 1,600 ஆண்டு பழமையான ரோமச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. கரூர் அமராவதி ஆற்றிலும் அப்படியே. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இந்த இரண்டு ஊர்க் காசுகளையும் ஆராய்ந்து 1994இல் தனி நூலே வெளியிட்டார்.

கையில் வாங்கிப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான். விரல் நகத்தளவு, ஒன்று ஒன்றரை கிராம் எடை, தேய்ந்துபோன முகம். இதை அடித்தவர் யார், எங்கே?

தலைப்பக்கத்தை நம்பிப் பயனில்லை. அக்காலப் பேரரசர்கள் பெரும்பாலும் மணிமுடிப் பட்டை கட்டி வலப்புறம் பார்க்கிறார்கள். பூப்பக்கம்தான் பேசும். விழுந்த குதிரைவீரனை ஒரு படைவீரன் ஈட்டியால் குத்தினால், அது 348க்குப் பின் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்துக் காசு. சிறகுள்ள வெற்றித்தேவதை ஒரு கைதியை இழுத்துப் போனால் 4ஆம் நூற்றாண்டின் இறுதி: தியோடோசியஸும் அவர் மகன்கள் அர்காடியஸ், ஹொனோரியஸும் ஆண்ட காலம். எந்தப் பேரரசர் என்பதற்கு, தலையைச் சுற்றி மிஞ்சிய ஓரிரு எழுத்துதான் சாட்சி.

இனி, உருவத்தின் காலடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அக்கசாலையின் குறி. 'ஏ என் டி' என்று லத்தீனில் இருந்தால் அன்றைய சிரியாவின் அந்தியோக்கியா. 'ஏ எல் இ' என்றால் எகிப்தின் அலெக்சாந்திரியா. அடுத்து வரும் கிரேக்க எழுத்து, அக்கசாலையின் எந்தப் பட்டறை என்று காட்டும்: ஆல்பா முதலாவது, காமா மூன்றாவது. நகத்தளவு காசில் இவ்வளவு விலாசம்!

இவற்றை நகரங்கள் தம் பெயரில் அடித்த மாகாணக் காசுகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அவை இதற்கு முன்பே, 3ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிட்டன. அலெக்சாந்திரியாவின் அக்காசுகளில் கிரேக்க எழுத்தோடு ஆட்சியாண்டும் இருக்கும்.

குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் காசைப் புளி போட்டுத் தேய்த்தால் எல்லாம் போச்சு. பச்சைப் படிவோடு அந்தக் கோடும் எழுத்தும் கரைந்துவிடும்.

சில காசுகளில் எழுத்து இருப்பதுபோலத் தெரியும், படிக்க வராது. வெறும் கீற்றுகள், குச்சிக்குச்சியாய் உருவம். அவை ரோமப் பேரரசில் அடித்தவையே அல்ல. ரோமக் காசைப் பார்த்து இந்தப் பக்கம் அடித்த போலிகள். இலங்கையில் இவை ஏராளம். ஏமாற்ற அடித்ததாகத் தோன்றவில்லை. சந்தையில் சில்லறை போதவில்லை, ரோமக் காசு பழகியிருந்தது, அதே சாயலில் அடித்துக்கொண்டார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.