பெரம்பலூர் "டைனோசர் முட்டை" உடைந்தது!
அது கடல் பிராணியின் மிச்சமாம்

ராஜபாளையம்:

"டைனோசர் முட்டை கிடைச்சிருக்காமே!" இப்படி ஒரு பேச்சு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பினால், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். முட்டைதானா என்று விசாரிப்பவர் எத்தனை பேர்?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் இதுதான் நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து பெரிய பெரிய கல் உருண்டைகள் வெளிப்பட்டன. போட்டோ வாட்ஸ்அப்பில் பறந்தது. "டைனோசர் முட்டை" என்று ஊரே அமளிப்பட்டது.

குட்டு வெளிப்பட்டது

நிபுணர்கள் பார்த்தார்கள். முட்டை அல்ல என்று கையை விரித்தார்கள். அம்மோனைட் என்ற கடல் பிராணியைச் சுற்றிச் சேறும் சுண்ணாம்பும் இறுகி உருண்டையானதாம். அம்மோனைட் நம்ம கணவாய் மீனுக்குச் சொந்தம். டைனோசர் அழிந்த அதே காலத்தில், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அதுவும் பூண்டற்றுப் போனது. பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் அன்று கடல்!

நிஜ முட்டை இந்தியாவில் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கில் 92 கூடுகளில் 256 முட்டைகளைக் கண்டதாக 2023-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஓட்டின் அமைப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே சொன்னார்கள்.

கரைந்த எலும்பு

அரியலூர் கல்லமேட்டில் நிஜ டைனோசர் எலும்பே கிடைத்தது. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் அதற்கு "ப்ருஹத்காயோசரஸ்" என்று பெயர் வைத்தனர். ஆனால் அந்த எலும்புகள் பொடிப்பொடியாகி அழிந்துவிட்டன. மிஞ்சியது படமும் குறிப்பும்தான். 2023-ல் இது நீலத் திமிங்கலத்துக்கு நிகரான எடை இருந்திருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஊர்ப் பேச்சில் அந்த "இருக்கலாம்" காணாமல் போய், "இருந்தது" ஆகிவிடுகிறது!

நம்ம ஊரில் கிடைக்குமா?

வாய்ப்பே இல்லை. ராஜபாளையம் மேற்கு மலைப்பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. டைனோசர் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டு முந்தியவை.

எந்த ஊரில் உருண்டைக் கல் கிடைத்தாலும் உடைக்காதீர்கள். வீட்டுக்குத் தூக்கிக் கொண்டு போகாதீர்கள். கிடைத்த இடத்திலேயே விட்டு, கிராம நிர்வாக அதிகாரியிடம் சொல்லுங்கள். அம்மோனைட்டாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷமே. அடுத்த தடவை "முட்டை" என்று செய்தி வந்தால், "யார் பரிசோதித்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்!