ரிப்போர்ட் நார்மல்... வலி மட்டும் போகவில்லை!

2017 செப்டம்பரில் பாடகி லேடி காகா தன் ஐரோப்பிய இசைப் பயணத்தைத் தள்ளிவைத்தார். தன்னை வாட்டுவது உடலெங்கும் தீராத வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் வெளியான ஆவணப்படத்தில், அவர் வலியில் துடித்து அழுவதை உலகமே பார்த்தது. சாதாரணப் பெண்களின் வலிக்கு அப்படி சாட்சி கிடைப்பதில்லை. "எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது.

ரிப்போர்ட் நார்மலாக இருப்பது உண்மைதான். ஒன்றுமில்லை என்பதுதான் தவறு.

இந்த நோயில் மூட்டு தேய்வதில்லை, தசை அழிவதில்லை. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெரிதாக்கிவிடுகின்றன. 2002இல் வலி ஆய்வாளர் ரிச்சர்ட் கிரேஸ்லி குழுவினர், கட்டைவிரல் நகத்தை அழுத்தியபடியே மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மற்றவர்களுக்கு வலிக்கத் தேவைப்பட்டதைவிட மிகக் குறைந்த அழுத்தத்திலேயே இந்த நோயாளிகளுக்கு அதே வலி வந்தது. மூளையிலும் பெரும்பாலும் அதே பகுதிகள் விழித்துக்கொண்டன. வலி கற்பனையல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எப்படிக் கண்டுபிடிப்பது? 1990இல் அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி ஒரு வழி சொன்னது. உடலில் 18 இடங்களை நான்கு கிலோ அழுத்தத்தில் விரலால் அழுத்த வேண்டும். உடலில் பரவலான வலியோடு, இவற்றில் 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. பல மருத்துவர்களுக்கு அந்த அழுத்தம் கைவரவில்லை. சோர்வும் தூக்கமும் கணக்கிலேயே வரவில்லை.

2010இல் அளவுகோல் மாறியது. விரலின் இடத்துக்குக் கேள்விகள் வந்தன. 19 இடங்களில் எங்கெல்லாம் வலி? தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லையா? பேச்சின் நடுவே சொல் மறந்துபோகிறதா? மூன்று மாதமாவது இப்படி நீடிக்க வேண்டும். ஆற அமரக் கேட்கிற மருத்துவர்தான் இங்கே முதல் பரிசோதனை. ஐந்து நிமிட ஓ.பி.யில் இது நடக்காது.

ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்பதல்ல. தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் போன்றவை இதே முகத்தோடு வரலாம். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் வேறு நோயைத் தேடியே ஆக வேண்டும்.

வேறொரு நோய் இருப்பதாலேயே ஃபைப்ரோமயால்ஜியா இல்லை என்று ஆகிவிடாது. அந்த அளவுகோலின் 2016 திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. முடக்குவாத நோயாளிக்கு வீக்கம் வடிந்த பின்னும் உடலெல்லாம் வலித்தால், வாத மருந்தை ஏற்றிக்கொண்டே போவதில் பலனில்லை. அவருக்குத் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் உடற்பயிற்சி, சீரான தூக்கம், தேவைப்பட்டால் டுலாக்செட்டின் போன்ற நரம்புவழி வேலை செய்யும் மருந்து.