1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபிதானா?

புதிதாக வாங்கிய 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்க்கிறீர்கள். விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ? பார்மேட் செய்ததில் மீதி போய்விட்டது என்று சிலர் விளக்கம் தருவார்கள். அதற்குப் போகும் இடம் மிகக் குறைவு. உண்மைக் காரணம் கணக்கிடும் முறைதான்.

8 பிட்கள் சேர்ந்தது ஒரு பைட். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இரண்டின் மடங்காகக் கணக்கிடுவதால், 1000க்குப் பக்கத்தில் இருந்த 1024 பைட்களைக் கிலோபைட் என்று அழைத்துப் பழகிவிட்டார்கள். டிஸ்க் தயாரிப்பவர்களோ கிலோ என்றால் 1000 என்றே கொள்கிறார்கள். அவர்களது 1 டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட்கள். விண்டோஸ் இதை 1024ஆல் மூன்று முறை வகுக்கிறது. முதலில் 97,65,62,500 கேபி, அடுத்து சுமார் 9,53,674 எம்பி, கடைசியில் 931.3 ஜிபி. ஒரு பைட் கூடக் காணாமல் போகவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்கிற்குக் கிபிபைட், மெபிபைட், கிபிபைட் வரிசையில் தனிப் பெயர்கள் கொடுத்தது. (கிலோவுக்கும் கிகாவுக்கும் தமிழில் ஒரே எழுத்து வருவது நம் பாடு!) விண்டோஸ் பழைய பெயர்களையே வைத்துக்கொண்டது. மேக் 2009ல் 1000 கணக்கிற்கு மாறியதால் அதே டிஸ்க்கை 1 டிபி என்றே காட்டும். சிடியில் எழுதியிருக்கும் 700 எம்பி 1024 கணக்கு, டிவிடியின் 4.7 ஜிபி 1000 கணக்கு. விண்டோஸில் அது 4.38 ஜிபிதான். 4.5 ஜிபி வீடியோ ஏன் ஏறவில்லை என்று விழித்தவர்களில் நானும் ஒருவன்.

இன்டர்நெட் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பை 8ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி.

ஜிபியை 0.93ஆல் பெருக்கினால் விண்டோஸ் காட்டும் அளவு ஏறக்குறையக் கிடைக்கும். 32 ஜிபி பென் டிரைவ் 29.8 காட்டினால் சரி. 15 காட்டினால் உடனே திருப்பிக் கொடுங்கள். ஆனால் சரியான அளவைக் காட்டும் போலிகளும் உண்டு. உள்ளே கொஞ்சமே இடமிருக்க, 2 டிபி என்று பொய் சொல்லும். காப்பி ஆனது போலவே தோன்றும், பிறகு போட்டோக்கள் திறக்காது. எனவே மிக மலிவாகக் கிடைத்ததை 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் முழுவதும் நிரப்பிச் சோதியுங்கள். அதுவரை போனில் உள்ள படங்களை அழிக்காதீர்கள்.